நத்தார்க் காலுறை



ஐப்பசியில் தொடங்கும் வாடைமழை திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் இறங்கி, உட்துறைமுகமும் டச்சுக்குடாவும் ஒரே சாம்பல் நிறமாய்த் தோன்றும் காலத்தில்தான் எம்மவரிடையே நத்தார்ப் பண்டிகை வருகிறது. ‘நத்தார்’ என்னும் சொல்லே போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்பதிலிருந்து நம் நாவுக்கு ஏற்பத் திரிந்து வந்ததாகும். அப்பண்டிகையின் முன்னிரவில் பிள்ளைகள் தொங்கவிடும் துணிக் காலுறையை வீட்டிலேயே வெவ்வேறு அளவுகளில் தைப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பனிநாட்டில் கணப்படுப்பின் அருகே தொங்கும் காலுறைக்கும், செருப்பின்றி மணலில் நடக்கும் நம் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டின் தென்கரையிலுள்ள மீரா என்னும் துறைமுக நகரில் நிக்கலஸ் என்னும் ஆயர் வாழ்ந்தார். சீதனம் கொடுக்க வழியற்ற ஓர் ஏழைத் தந்தைக்கு மூன்று பெண்மக்கள் இருந்தனர் என்றும், நிக்கலஸ் எவரும் அறியாவண்ணம் இரவில் அவ்வீட்டினுள் பொன் முடிப்புகளை எறிந்தார் என்றும் மரபுக் கதை கூறுகிறது. உலரப் போட்டிருந்த காலுறையில் அப்பொன் விழுந்தது என்பது கதையில் பின்னர்ச் சேர்ந்த பகுதி. அவரைக் கடலோடிகள் தம் காவலராகப் போற்றுவர். சீதனக் கவலையையும் கடற்கவலையையும் ஒருங்கே அறிந்த நம் துறைமுகத்தாருக்கு இக்கதை அந்நியமன்று.

இனித் தையலுக்கு வருவோம். எட்டு அங்குல உயரம், நான்கு அங்குல வாயகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் வரை ஐந்து அங்குல நீளம்: இது சிறிய காலுறை. பழைய செய்தித்தாள் ஒன்றில் ஓரங்குலக் கட்டங்கள் வரைந்து, அவற்றின் மேல் இவ்வடிவத்தை வரைந்துகொள்க. நடுத்தர அளவு வேண்டுமாயின், வேறொரு தாளில் அதே எண்ணிக்கையான கட்டங்களை ஒன்றரை அங்குலமாக வரைந்து, கோடு எந்தக் கட்டத்தை எங்கே வெட்டிச் செல்கிறதோ அவ்வாறே இங்கும் வரைய வேண்டும். உயரம் பன்னிரண்டும், வாய் ஆறும், பாதம் ஏழரையும் ஆகும். இரண்டு அங்குலக் கட்டத்தில் வரைந்தால் பதினாறு அங்குலப் பெரிய காலுறை கிடைக்கும்.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. தையலுக்கென விடும் அரை அங்குல ஓரம் எந்த அளவுக்கும் அரை அங்குலமே. அது கட்டத்தோடு வளர்வதுமில்லை, குறைவதுமில்லை. பெரிய உறையின் வாய் எட்டு அங்குலம்; இருபக்க ஓரமும் சேர வெட்டிய துணி ஒன்பது அங்குலம். அந்த ஒன்பதைப் பாதியாக்கிச் சிறிய உறை வெட்டினால் நாலரை அங்குலமே வரும். அதில் தையலுக்கு ஓரங்குலம் போக, வாய் மூன்றரையாய் இடுங்கிவிடும். ஆதலின் முதலில் வடிவத்தை மாற்றி, ஓரத்தைப் பின்னரே கூட்டுக. மேல்விளிம்பு மடிப்புக்கு விடும் ஒன்றரை அங்குலத்திற்கும் இதுவே விதி.

துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துதல் வேண்டும். பருத்தி சுருங்கும், சிவப்புச் சாயம் கசிந்து வெள்ளை விளிம்பைக் கெடுக்கும். நனைத்த நீர் தெளியும்வரை அலசுக. மழைக்காலத்தில் துணி காயப் பல நாள் செல்லுமாதலால் இவ்வேலையைக் கடைசி வாரத்திற்கு ஒத்திப்போடலாகாது. பழைய சேலையின் கரை, யன்னல் திரையின் மிச்சம், பாய்ச்சீலைத் துண்டு எதுவும் உதவும். மெல்லிய துணியாயின் உள்ளே வெள்ளைப் பருத்தி உட்சீலை வைக்க வேண்டும். பலகார எண்ணெய் வெளியே ஊறாது.

துணியை நல்ல பக்கம் உள்ளே வர இரண்டாக மடித்து, ஒருசேர இரு துண்டுகள் வெட்டுக. குண்டூசி குத்தி, நூலோடி, பின்பு நெருங்கிய பின்தையலாலோ இயந்திரத்தாலோ சுற்றித் தைக்க. வாயை மட்டும் திறந்துவிடுக. கணுக்கால் முன்வளைவில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் இடுக; குதிகாலிலும் விரற்பக்கத்திலும் ஓரத்தைக் கத்தரித்துக் குறைக்க. அதன்பின் புரட்டினால் வளைவு சுருக்கமின்றி அமையும். தொங்கவிடும் நாடாவைக் குதிகால் பக்கத்துத் தையலின் உச்சியில் வைத்து இருமுறை தைக்க. முழுப் பாரமும் அந்த ஓரிடத்திலேயே தங்குகிறது.

அளவுகளைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். அதை எனக்குக் கற்பித்தது என் தாயாரின் அனுபவம். வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். தாயார் அண்ணனுக்குப் பதினாறு அங்குலத்திலும், எனக்குப் பன்னிரண்டிலும், தங்கைக்கு எட்டிலும் தைத்தார். வயதுக்கேற்ற அளவு என்பது அவர் எண்ணம். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து மூவருக்கும் ஒரே அளவில் பண்டங்களை இட்டார்: ஒரு தோடம்பழம், கொஞ்சம் கச்சான், ஒரு பென்சில், சில இனிப்புகள். விடிந்ததும் பார்த்தால் தங்கையின் சிறிய உறை நிறைந்து பருத்திருந்தது. அண்ணனுடையதோ ஒட்டிய வயிறுபோல் தளர்ந்து தொங்கியது. அவன் ஒன்றும் பேசவில்லை. பேசாததுதான் தாயாரை வருத்திற்று.

காரணம் எளிய கணக்கு. நீளமும் அகலமும் இருமடங்கானால் துணி நான்கு மடங்கு வேண்டும். கொள்ளும் பொருளோ ஏறத்தாழ எட்டு மடங்கு. ஒன்றரை மடங்கு வளர்ந்த உறைகூட மூன்று மடங்குக்கு மேல் கொள்ளும். அங்குலத்தில் சிறிதாகத் தோன்றும் வேற்றுமை, நிரப்பும் கையில் பெரும் பாரமாகிவிடும். மறு ஆண்டு தாயார் பெரியதைப் பிரித்துப் பன்னிரண்டு அங்குலமாக வெட்டினார். தங்கைக்கும் அதே அளவில் தைத்தார். விளிம்பின் நிறம் மாத்திரம் மூவருக்கும் வேறு.

அப்படியாயின் வெவ்வேறு அளவு எதற்கு? நான்கு அங்குலம் நத்தார் மரத்தின் கிளைக்கு. எட்டு அங்குலம் தொட்டிற் குழந்தைக்கு. பன்னிரண்டு பிள்ளைகள் அனைவர்க்கும். பதினாறு குடும்பம் முழுவதற்கும் பொதுவாய் ஒன்று. கணப்படுப்பு இல்லாத நம் வீடுகளில் யன்னற் கம்பியே போதும். ஆனால் சாரல் படாத பக்கம் பார்த்து, இனிப்பைத் தாளில் பொதிந்து, இரவில் பிந்தி இடுக. அல்லாவிடில் எறும்புகள் பிள்ளைகளை முந்திக்கொள்ளும்.

2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26 காலையில், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நத்தாரின் முன்னிரவில் தொங்கிய உறைகளுக்கு உரிய பிள்ளைகள் சிலர் அதன்பின் இல்லை. உறைகளை நிரப்பிய கைகள் சிலவும் இல்லை. அதனால் இக்கரையில் நத்தார் மகிழ்ச்சியின் அருகே ஒரு நினைவும் அமர்ந்திருக்கிறது. வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனைக்கு மேல் ஒன்று தையுங்கள். அதே துணியில், அதே பன்னிரண்டு அங்குலத்தில் தையுங்கள். நிரப்ப ஆளில்லாத ஒரு வீட்டு வாசலில், நிக்கலஸ் செய்ததுபோல், பெயர் சொல்லாமல் அதை வைத்துவிட்டு வாருங்கள்.