கண்ணாடிக்கு என்ன நிறம்?

தச்சனுக்கு உளி எப்படியோ, அப்படித்தான் எனக்குக் கோடு. 1981-இல் வாணியம்பாடியிலிருந்து பெங்களூர் வந்து, ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். 36 ஆண்டுகள் கோடு போட்டே குடும்பம் நடத்தினேன். 2017-இல் ஓய்வு பெற்றதும், வண்ண ஓவியம் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். கோடு போடத் தெரிந்தவனுக்கு வண்ணம் பூசுவது பெரிய வித்தையா என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு கண்ணாடி டம்ளர்.

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஓவிய ஆசிரியர் மாலை வகுப்பு நடத்திவந்தார். கன்னடக்காரர், நம்மவர்களோடு வளர்ந்தவர் ஆதலால் தமிழ் சரளமாகப் பேசுவார். முதல் மாதம் மண்பானை, வாழைப்பழம், பித்தளைச் செம்பு. எல்லாம் சுமாராக வந்தன. இரண்டாம் மாதம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். அதற்கு ஒரு சாண் பின்னால், என் தோளிலிருந்த கட்டம் போட்ட துண்டை வாங்கித் தொங்கவிட்டார்.

நான் வழக்கம்போல் டம்ளரின் ஓரத்தைக் கறுப்புக் கோடாக இழுத்து, உள்ளே வெளிர்நீலம் பூசினேன். பார்த்தால் பிளாஸ்டிக் வாளி போல இருந்தது.

"சார், கண்ணாடியை வரையாதீங்க. அதுக்குன்னு நிறம் கிடையாது. அதுக்குள்ளே என்ன தெரியுதோ அதை வரையுங்க. கண்ணாடி தானா வந்து உட்காரும்" என்றார்.

நாற்பது வயதுக்காரர் அறுபது வயதுக்காரனுக்குச் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்குக் குருமந்திரம்.

பார்ப்பதும் தெரிந்ததும்

என் துண்டின் சிவப்புக் கரை டம்ளருக்கு இடப்பக்கம் தொங்கியது. ஆனால் டம்ளருக்குள் அது வலப்பக்கம் தெரிந்தது! கரை இடப்பக்கம் இருப்பது எனக்குத் தெரியுமே என்று, டம்ளருக்குள்ளும் இடப்பக்கமே வரைந்தேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே அழித்தார். தண்ணீர் நிறைந்த உருண்டை டம்ளர் ஒரு லென்ஸ் போல வேலை செய்கிறது. வளைந்த பக்கங்களில் ஒளி முறிவதால், சற்றுத் தள்ளி இருக்கும் பொருள் இடவலம் மாறித் தெரிகிறது. வீட்டிலேயே செய்து பாருங்கள், குழந்தைகள் குதூகலிப்பார்கள்.

கண்ணாடிமேல் நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடுகிறது. ஆகவே கண்ணாடி தன்னைக் காட்டிக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைவு: கருத்த விளிம்பு, அடிப்பாகத்தின் தடிமன், ஒன்றிரண்டு ஒளிப்பொட்டு. அவ்வளவுதான்.

இது ஏதோ புதுமை என்று எண்ண வேண்டாம். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் நகரின் ஒரு சுவரோவியத்தில், பீச் பழங்களுக்கு அருகே தண்ணீர் உள்ள கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கிறது. பெயர் தெரியாத அந்த ஓவியனுக்கும் இந்த ரகசியம் தெரிந்திருக்கிறது.

செய்முறை

முயல விரும்பும் அன்பர்களுக்காக நான் கற்ற முறையைச் சொல்கிறேன். வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் அம்பர் பழுப்பு ஆகிய மூன்று டியூப் போதும். நீலமும் பழுப்பும் கலந்தால் நல்ல கருமை. வெள்ளை சேர்த்தால் எல்லாவிதச் சாம்பலும் கிடைக்கும். துண்டின் கரைக்கு ஒரு சிவப்பு தனியாக வேண்டும்.

விளக்கு ஒரே பக்கத்திலிருந்து விழட்டும். முதலில் டம்ளர் இல்லாதது போலப் பின்னணியைப் பூசுங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, டம்ளருக்குள் வளைந்து தெரியும் கட்டங்களை வெறும் வண்ணத் துண்டுகளாகப் பாருங்கள், பார்த்தபடியே வையுங்கள். அடுத்து ஓரக் கருமை. அதைச் சுற்றிலும் ஒரே சீராக இழுக்காதீர்கள், சில இடங்களில் காணாமல் போகட்டும். நிழலுக்கு நடுவே விழும் வெளிச்சத்தை மறக்காதீர்கள். கடைசியில்தான் தூய வெள்ளையால் ஒளிப்பொட்டு. கத்தியால் வெட்டியது போன்ற விளிம்போடு ஒன்றிரண்டு வைத்தால் போதும்.

அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். காய்ந்தபின் சற்றுக் கருத்துவிடும். பங்குனி வெயிலில் தட்டின்மேல் அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் காயப் பல நாள் ஆகும். அதனால் இழைத்துக் குழைக்க அவகாசம் உண்டு. அதில் எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, கூடிய பூச்சு மேலே என்ற வரிசை மாறினால் பிறகு வெடிக்கும்.

புகை எங்கிருந்து வந்தது?

ஒளிப்பொட்டுதான் எனக்கு வசப்படவில்லை. எத்தனை முறை வைத்தாலும் அதைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் போட்டேன். ஆசிரியர் திருத்துவார்; நான் வாதாடுவேன். "பார்க்கிறதைத்தானே வரையச் சொன்னீங்க? நான் பார்க்கிறது இதுதான்!" என்பேன்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி படத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாத்தா, டம்ளர்ல புகையே இல்லையே, நீங்க ஏன் புகை போடறீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றியும் அதே வளையம் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன்; பேத்தியைப் பாட்டு வகுப்பிலிருந்து இரவில் அழைத்துவருவதும் நான்தான். மறுநாளே கண் மருத்துவரிடம் போனேன். இரு கண்ணிலும் புரை.

முதலில் ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்ததும் கண்களை மாற்றி மாற்றி மூடி அந்தத் துண்டைப் பார்த்தேன். ஒரு கண்ணுக்கு அதன் வெள்ளை பால் போல. மறு கண்ணுக்குத் தேநீர்க் கறை படிந்தது போல! இத்தனை நாளும் ஒரு பழுப்புக் கண்ணாடி வழியாகவே உலகைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குள்ளேயே இருந்ததால் தெரியவில்லை.

பிரெஞ்சு ஓவியர் மொனேவுக்கும் 1912-இல் புரை என்று சொன்னார்கள். தள்ளிப்போட்டு, 1923-இல்தான் வலக்கண்ணுக்குச் சிகிச்சை செய்துகொண்டார். கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதன்முதலில் பொருத்தியவர் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, ஆண்டு 1949. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் கேடு செய்யாததைக் கண்டு அவருக்கு அந்த யோசனை வந்தது. பெர்ஸ்பெக்ஸ் அக்ரிலிக் வகையைச் சேர்ந்தது. என் கண்ணில் இன்று இருப்பதும் அக்ரிலிக் லென்ஸ்தான்; நான் குழைக்கும் வண்ணத்துக்குத் தூரத்து உறவு!

இரண்டு கண்ணும் தெளிந்தபின் குடும்பத்தோடு மைசூர் போனோம். ஜகன்மோகன் அரண்மனையில் குத்துவிளக்கு ஏந்திய பெண்ணின் ஓவியத்தைப் பலரும் ரவிவர்மா படம் என்பார்கள். வரைந்தவர் ஹல்தாங்கர், அதுவும் நீர்வண்ணத்தில். சுடரை மறைக்கும் விரல்களில் ஒளி ஊறுவதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். முன்பும் பார்த்திருக்கிறேன், சுற்றியுள்ள இருட்டுதான் அந்த ஒளியைத் தருகிறது என்பது அன்றுதான் விளங்கியது.

புகை படிந்த அந்தப் பழைய டம்ளர் படத்தை ஆசிரியர் திருத்தச் சொன்னார். நான் திருத்தவில்லை. புதிதாக வரைந்த படத்துக்குப் பக்கத்திலேயே அதையும் மாட்டியிருக்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். அறுபதைத் தொட்ட அன்பர்களே, தூரிகை வாங்கப் போகும் வழியில் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.