உள்ளங்கையில் ஓர் இருட்டறை

போலராய்டு, இன்ஸ்டாக்ஸ் உடனடிப் படங்களில் கீழ்ப்பக்க வெள்ளை ஓரம் மட்டும் மற்ற மூன்று பக்கங்களைவிட அகலமாக இருக்கும். பெயரும் தேதியும் எழுத விட்ட இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், படத்தைக் கழுவும் ரசாயனப் பசை அந்த மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பட்டனை அழுத்தியதும் இரண்டு உருளைகளுக்கு நடுவே தாள் நசுங்கி வெளியே வரும்போது பசைப்பை உடைந்து, தாள் முழுக்க ஒரே சீராகப் பரவுகிறது. ஸ்டுடியோ இருட்டறையில் தட்டுத் தட்டாக நடந்த வேலை அத்தனையும் இனி இந்தத் தாளுக்குள், பட்டப்பகலிலேயே நடக்கும்.

1943-இல் அமெரிக்காவின் சான்டா ஃபே நகரில் போலராய்டு நிறுவனர் எட்வின் லேண்டிடம் அவருடைய மூன்று வயது மகள், எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியவில்லை என்று கேட்டாள். 1948-இல் அவருடைய கேமரா பாஸ்டனில் விற்பனைக்கு வந்தது. அதில் படத்தை உரித்துத்தான் எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே தாளுக்குள் முடிகிற எஸ்எக்ஸ்-70 கேமரா வந்தது 1972-இல்.

தாளுக்குள் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுக்கென்று மூன்று வெள்ளி உப்பு அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் துணையாக மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்கள். போலராய்டு முறையில், ஒளி பட்ட இடத்துச் சாயம் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. படாத இடத்துச் சாயம் மேலேறிப் படமாகிறது. இதெல்லாம் நடக்கும்போது மேலும் வெளிச்சம் உள்ளே போகக் கூடாதே? அதற்காகப் பசையிலேயே இன்னொரு சாயம் கலந்திருக்கிறது. காரம் மிகுந்திருக்கும்வரை அது கருமையாக நின்று ஒளியைத் தடுக்கும். தாளின் உள்ளே உள்ள அமில அடுக்கு காரத்தை மெல்ல முறித்ததும் கருமை விலகி, டைட்டானியம் டை ஆக்ஸைடின் வெண்மை மேல் படம் தெளிகிறது. இந்த நேரக்கணக்கைத்தான் நான் லேண்டின் மிகப் பெரிய சாதனை என்பேன்.

2008-இல் போலராய்டு ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையைச் சில ஆர்வலர்கள் காப்பாற்றினார்கள். எந்திரங்கள் இருந்தன, பழைய ரசாயனங்கள் பல கிடைக்கவில்லை. கலவையைப் புதிதாக உருவாக்கி 2010-இல் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

ரசாயனம் என்பதால் வெயிலும் குளிரும் படத்தில் தெரியும். போலராய்டு ஃபிலிமுக்கு ஏற்ற வெப்பநிலை 13 முதல் 28 டிகிரி செல்சியஸ். நம்மூர் மே மாத மதியத்தில் எடுத்தால் படம் மஞ்சளும் சிவப்புமாகத்தான் வரும். பிரிக்காத பெட்டியை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். கருமைச் சாயம் இருந்தாலும், படம் வெளிவந்ததும் வெளிச்சம் படாமல் கவிழ்த்து வையுங்கள். இன்ஸ்டாக்ஸ் 40 டிகிரிவரை தாங்கும். நம் ஊர்களில் அன்றாடம் எடுக்க அதுவே தோது. இருட்டையும் பளிச்சென்ற வெயிலையும் ஒரே படத்தில் காட்ட எந்த உடனடி ஃபிலிமாலும் முடியாது. எடுக்கப்படுபவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். வீட்டுக்குள் என்றால் இரண்டு மீட்டருக்குள் நெருங்கி ஃபிளாஷ் போடுங்கள்.

படத்தை உதறுவது, உரிக்கும் காலத்து ஃபிலிமை உலர்த்திய பழக்கம். இன்றைய தாளை உதறினால், வளைத்தால் அடுக்குகள் பிரிந்து கறை விழும். புதுப் படத்தைக் கத்தரிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் பசை தோலை அரிக்கும் காரம். கையில் பட்டால் உடனே தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.