சுரபாயாவின் சந்துகள்

தங்கள் வீட்டின் முன் ஓடும் சாக்கடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது யாருடையது? தங்களுடையதும் அன்று, அடுத்த வீட்டாருடையதும் அன்று. நகராட்சிக்குச் சொந்தமானது என்பர் சிலர். ஆனால் அது நிரம்பி வழியும்போது நகராட்சி ஆணையரின் வீட்டுக்குள் நீர் புகுவதில்லை. தங்கள் வீட்டுக்குள்தான் புகுகின்றது. வீட்டை ஒருவர் தம் கையால் கட்டிக்கொள்ளலாம். சாக்கடையைத் தனியொருவர் கட்ட இயலாது. அவர் தம் வாசல்வரை கால்வாய் எடுத்து நிறுத்தினால், அந்நீர் முழுவதும் அண்டை வீட்டாரின் அடுப்படியில் சென்று தேங்கும். ஏழைகளின் குடியிருப்புப் பிரச்சினை முழுவதும் இந்தச் சிறு உண்மையில் அடங்கியிருக்கின்றது எனலாம். இதனை உணர்ந்து செயற்பட்ட ஒரு நகரைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

இந்தோனேசியாவின் இரண்டாவது பெரிய நகரம் சுரபாயா. ஜாவாத் தீவின் கிழக்கே அமைந்த பழம்பெரும் துறைமுகப் பட்டினம். அந்நகர மக்களில் பெரும்பாலோர் நெடுங்காலமாக வாழ்ந்து வருவது 'கம்போங்' எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில்தான். சபர் சென்று வந்த குடும்பத்தினருக்கு இச்சொல் புதிதன்று. மலாயாவில் அது கிராமத்தைக் குறிக்கும். ஜாவா நகரங்களிலோ, பெருஞ்சாலைகளில் நிற்கும் மாளிகைகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் சந்துகளையும் அவற்றின் இருமருங்கிலும் உள்ள சிறு வீடுகளையும் குறிக்கும்.

டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் நகரசபைகள் அமைந்தபோது, ஐரோப்பியர் வாழ்ந்த வீதிகளுக்கே விளக்கும் நீரும் வடிகாலும் கிடைத்தன. இந்நிலையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் முகம்மது ஹுஸ்னி தம்ரின் முதன்மையானவர். 1894-இல் பிறந்த இவர், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவின் நகரசபையில் 1919-இல் உறுப்பினரானார். வரி செலுத்துவோர் அனைவரும் என்றால், வடிகால் சிலருக்கு மட்டும் எவ்வாறு உரியதாகும் என்பதே அவர் வாதத்தின் சாரம். 1920-களில் சில கம்போங்குகளில் பாதையும் கால்வாயும் அமைக்கப்பட்டன. எனினும் அது கடலில் கரைத்த பெருங்காயம் போன்றதே.

விடுதலைக்குப் பின் நகரங்களில் மக்கள் வந்து குவிந்தனர். அரசிடம் பணமில்லை. அடுக்குமாடி வீடுகளைக் கட்டி அனைவரையும் குடியேற்றுவது பகற்கனவு. கம்போங்குகளை இடித்துத் தள்ளினால் அம்மக்கள் வேறோர் இடத்தில் அதே குடிசைகளை எழுப்புவர். இந்நிலையில், 1966 முதல் 1977 வரை ஜகார்த்தாவின் ஆளுநராக இருந்த அலி சாதிகின், 1969-இல் கம்போங் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கித் தம்ரினின் பெயரையே அதற்குச் சூட்டினார். வீடுகளைத் தொடுவதில்லை, பாதை, வடிகால், குடிநீர்க் குழாய், பொதுக் குளியலறை, கழிவறை, பள்ளிக்கூடம், மருந்தகம் ஆகியவற்றை மட்டும் நகர நிர்வாகம் அமைக்கும் என்பதே திட்டம். தம் இருப்பிடம் நிலைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தால் வீட்டை மக்களே சீராக்கிக்கொள்வர் என்னும் கணக்கு பொய்க்கவில்லை. மூங்கில் தட்டிச் சுவர்கள் செங்கற் சுவர்களாயின. மண் தரைகள் சிமெண்ட் தரைகளாயின. 1974 முதல் உலக வங்கியும் ஜகார்த்தாவுக்குக் கடனுதவி அளித்தது.

ஆயினும் ஜகார்த்தாவில் வேலை மேலிருந்து வந்தது. பொறியாளர்கள் வரைபடம் தீட்டினர், ஒப்பந்தக்காரர்கள் கட்டினர், மக்கள் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தனர். கட்டிய கால்வாயைத் தூர்வாருவது யார் என்ற கேள்வி அங்கு நெடுநாள் விடையின்றி நின்றது. சுரபாயாவின் வழி வேறு.

அங்கு அதே காலத்தில் எழுந்த திட்டத்திற்கு வாகே ருடோல்ஃப் சுப்ரத்மானின் பெயர் வழங்கியது. இந்தோனேசியாவின் தேசிய கீதத்தை இயற்றிய அவர் 1938-இல் சுரபாயாவில் காலமானவர். இத்திட்டத்தில் மாநகராட்சி, கான்கிரீட் பலகைகளையும் கால்வாய்த் துண்டுகளையும் வழங்கும். மீதிச் செலவையும் உழைப்பையும் கம்போங் மக்களே ஏற்க வேண்டும். எந்தக் கம்போங் முன்வந்து விண்ணப்பிக்கின்றதோ அதற்கே உதவி. 'கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்' என்றிருந்தவர்களுக்கு அங்கே இடமில்லை.

இதற்கென மக்கள் புதிதாக ஒரு சங்கம் அமைக்க வேண்டியிருக்கவில்லை. சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்தது 'ருக்குன் தெத்தாங்கா' என்னும் அண்டைக்குழு. அத்தகைய குழுக்கள் பல சேர்ந்தது 'ருக்குன் வார்கா'. 'ருக்குன்' என்ற சொல்லுக்கு அந்நாட்டில் இணக்கம் என்றும் பொருளுண்டு. நமது மதரஸாப் பிள்ளைகளும் அறிந்த 'ருக்னு' என்னும் அறபுச் சொல்லின் வழியே தூண் என்றும் பொருளுண்டு. வியப்பு என்னவெனில், இந்த அமைப்பு 1940-களில் ஜப்பானிய ஆக்கிரமிப்பாளர்கள் மக்களைக் கண்காணிப்பதற்காக ஏற்படுத்தியது! வேவு பார்க்கப் பிறந்த குழு, பின்னாளில் சாக்கடை வெட்டப் பயன்பட்டது.

பாதையை அகலப்படுத்த வேண்டுமானால் நிலம் வேண்டும். ஒவ்வொரு வீட்டாரும் தம் திண்ணையில் இரண்டு முழம், மூன்று முழம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அரசு இதற்கு இழப்பீடு வழங்கவில்லை. ஒரு சாண் வரப்புக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் நமக்கு இது நம்ப இயலாததாகத் தோன்றலாம். ஆனால் எவ்விடத்தில் பாதை வளைய வேண்டும், எவர் வீட்டுப் படிக்கட்டு சற்றுப் பின்வாங்க வேண்டும் என்பதை அண்டைக்குழுவே அமர்ந்து பேசி முடிவு செய்தது. அலுவலகத்திலிருந்து கட்டளை வந்திருந்தால் ஒருவரும் இணங்கியிரார் என்பது என் துணிபு. பாதையை எவ்வளவு உயர்த்துவது என்பதும் அவ்வாறே. ஒரு சாண் கூடினால் மழைநீர் வீட்டுக்குள் இறங்கிவிடும். இந்த நுட்பத்தை அங்கே குடியிருப்பவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

இம்முயற்சியில் மூன்றாவது கூட்டாளியாக நின்றது, நகரின் தொழில்நுட்பக் கல்லூரி. 1945 நவம்பர் 10 அன்று சுரபாயாவில் மூண்ட வீரப்போரின் நினைவாக அத்தேதியையே பெயராகக் கொண்ட நிறுவனம் அது. அதன் பேராசிரியர் யோஹான் சிலாஸ் தம் மாணவர்களுடன் கம்போங்குகளுக்குள் நடந்து சென்று அளந்தார். மக்களின் சொல்லைக் கேட்டு வரைந்தார். 1976 முதல் உலக வங்கிக் கடனும் கிடைத்தபோது, மக்கள் பங்கேற்பு என்னும் பழைய வழக்கத்தை நகரம் கைவிட்டுவிடவில்லை. சிறந்த கட்டடக்கலைக்கு வழங்கப்படும் ஆகா கான் விருது, அதன் முதற்சுற்றில் 1980-இல் ஜகார்த்தாவின் கம்போங் திட்டத்திற்கும், 1986-இல் சுரபாயாவின் கெபாலென் கம்போங்கிற்கும் அளிக்கப்பட்டது. பளிங்கு மண்டபங்களோடு ஒரு சந்தும் அதன் சாக்கடையும் ஒரே மேடையில் ஏறியதை என்னென்பது!

இனி, வாடகைக் குடியிருப்புகளுக்கு வருவோம். சேரிகளைச் சீராக்க இயலாத அளவுக்கு நெருக்கம் முற்றிய சில இடங்களில் மாநகராட்சி மாடி வீடுகளைக் கட்டியது. 1980-களின் இறுதியில் தூப்பாக்கிலும், அதனை அடுத்துச் சோம்போவிலும் இவை எழுந்தன. வரைந்தவர் அதே சிலாஸ். அறைகள் மிகச் சிறியவை. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் நடுவே அகன்ற நடைகூடம் ஒன்றை விட்டார். கம்போங்கின் சந்தை அப்படியே மாடிக்கு ஏற்றியது போல் அது அமைந்தது. அங்கே பெண்கள் அமர்ந்து தையல் தைக்கின்றனர், பிள்ளைகள் ஓடியாடுகின்றனர், சிறு வணிகர் பண்டங்களை அடுக்குகின்றனர். சமையலறைகளும் குளியலறைகளும் பொதுவில் அமைந்தன. தொழுவதற்கும் இடம் விடப்பட்டது. பொதுச் சமையலறை நம் இல்லத்தரசிகளுக்கு உகக்குமா என்பது ஐயமே. எனக்கும் அது முழுநிறைவு தருவதாயில்லை. எனினும் மாடி வீட்டில் கதவை அடைத்துக்கொண்டு அண்டை வீட்டாரின் பெயரும் அறியாது வாழ்வதைவிட அது மேலென்றே அங்குள்ளோர் பலர் கருதினர்.

கட்டியதைக் காப்பதிலும் மக்களின் கை தொடர்ந்தது. 2001-இல் நகரின் குப்பைக் கிடங்கு, அருகில் வாழ்ந்தோரின் எதிர்ப்பால் மூடப்பட்டது. தெருக்களில் குப்பை மலையாயிற்று. சில ஆண்டுகளில் ஜப்பானின் கிடாக்யூஷூ நகரத்தின் துணையோடு, வீட்டிலேயே கூடையில் எருவாக்கும் எளிய முறை பரவியது. கூடைகளை மாநகராட்சி தந்தது. வீடு வீடாகச் சென்று கற்றுக்கொடுத்தவர்கள் கம்போங் பெண்கள். பல சந்துகளின் முகப்பில் மோட்டார் சைக்கிளில் வருவோர் இறங்கித் தள்ளிச் செல்லுமாறு அறிவிப்புப் பலகை உண்டு. மக்களே வைத்துக்கொண்ட சட்டம் அது. காவலர் எவரும் நிற்பதில்லை.

இவற்றைக் கூறிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது முறையன்று. ஜகார்த்தாவின் நடுப்பகுதியில் அவ்வாறு சீரமைக்கப்பட்ட கம்போங்குகள் பல, பின்னர் வானளாவிய கட்டடங்களுக்காக இடிக்கப்பட்டன. சாலையும் வடிகாலும் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. பட்டா இல்லாதோர் அற்பத் தொகையோடு வெளியேறினர். மக்களின் கையில் பாதையைக் கொடுத்த நிர்வாகம் நிலத்தின் உரிமையைக் கொடுக்கத் தவறியது பெருங்குறையே. சுரபாயாவிலும் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு 2000-க்குப் பின் இதே அச்சுறுத்தல் நேர்ந்தது. ஆற்றை அசுத்தமாக்குகின்றீர்கள் என்பது குற்றச்சாட்டு. அக்கரை மக்கள் மறியலோடு நின்றுவிடவில்லை. வீட்டின் ஒரு பகுதியைத் தாமே இடித்துக் கரையோரம் பாதை விட்டனர். ஆற்றுக்குப் புறங்காட்டி நின்ற வீடுகளின் வாசலை ஆற்றை நோக்கித் திருப்பினர். வாசல் இருக்கும் பக்கம் குப்பை கொட்ட எவருக்கும் மனம் வராதன்றோ! 2007-இல் கிழக்கு ஜாவா மாகாண மன்றம், நிபந்தனைகளுடன் அவர்கள் அங்கே வாழச் சட்டமியற்றியது. ஆயினும் 2009-இல் ஜாகிர் என்னுமிடத்தில் இருந்த வீடுகள் இடிக்கப்பட்டன.