பழைய கம்ப்யூட்டரும் ஒரு பென் டிரைவும்



2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. நம் கடைகளில் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. "புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். முதலை முடக்குமுன் நாம் அறிய வேண்டிய வழி ஒன்று உண்டு.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது லினக்ஸ். அதை அடிப்படையாகக் கொண்ட தொகுப்புகள் பலவும் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் எடை குறைந்த ஒன்று, ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ். அதன் பதிப்புகள் பல 1 ஜிபிக்கும் குறைவானவை. 8 ஜிபி பென் டிரைவ் தாராளம்.

இது எப்படி இயங்குகிறது? காலையில் கடை திறந்ததும் அன்றைக்கு வேண்டிய சரக்கைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கல்லா அருகே அடுக்கிக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல, பென் டிரைவில் உள்ள தொகுப்பு கம்ப்யூட்டரின் நினைவகத்தில், அதாவது ரேமில், ஏறிக்கொள்கிறது. பிறகு அங்கிருந்தே வேலை நடக்கிறது. அதனால் பழைய இயந்திரமும் சுறுசுறுப்பாக ஓடுகிறது. நாமாகச் சொன்னாலொழிய ஹார்டு டிஸ்கில் எதுவும் எழுதப்படுவதில்லை. நாம் செய்த மாற்றங்களைச் சேமிப்புக் கோப்பு ஒன்றில் வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு இதன் பெரும்பயன் ஆபத்துக் காலத்தில்தான். விண்டோஸ் திறக்க மறுத்தாலும், ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, பூட்டப்படாமலும் இருந்தால், பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கிப் பற்று வரவுக் கோப்புகளை வேறொரு டிஸ்கிற்கு நகல் எடுத்துவிடலாம். கடன் பாக்கிக் கணக்கு அழிந்தால் யாரிடம் எவ்வளவு என்று கேட்பது? கணக்கு மீண்டால் கடை மீண்டது என்று பொருள்.

அன்றாட வேலைக்கும் உதவும். ஜிஎஸ்டி இணையதளத்தை உலாவியில் திறக்கலாம். லிப்ரே ஆஃபீஸ் சேர்த்துக்கொண்டால் இருப்புப் பட்டியலும் விலைப்பட்டியலும் தயாரிக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுவோம். டேலி விண்டோசுக்கென எழுதப்பட்டது. இதில் நேரடியாக ஓடாது. பில் பிரிண்டர், பார்கோடு கருவி முதலியன இயங்குமா என்பதைச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். பென் டிரைவும் கெட்டுப்போகும் பொருளே. கணக்கை அதில் மட்டும் வைப்பது ஆகாது.

செய்முறை எளிது. தொகுப்பை அதற்குரிய இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் ஏற்றுங்கள். அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றையே எடுங்கள். கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என அந்தந்தத் தயாரிப்புக்குரிய விசையை அழுத்தி, யுஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். சில இயந்திரங்களில் செக்யூர் பூட் என்பதை நிறுத்த வேண்டியிருக்கும். விவரம் தெரிந்த பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டம் இல்லாத ஒரு மதிய வேளையில் சோதித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பென் டிரைவை எடுத்துவிட்டால் போதும். பழையபடி விண்டோஸ் வந்துவிடும். அவசரம் வருமுன் பழகி வைப்பதே வணிகருக்கு அழகு.