தியூத்தோனியர் என்னும் பெயர்

ஐரோப்பிய வரலாறு கற்கப் புகுவோர் பழைய நூல்களில் ‘தியூத்தோனியர்’ என்னும் பெயரை அடிக்கடி காண்பர். ஜேர்மானியர், ஆங்கிலேயர், ஒல்லாந்தர் முதலியோரின் முன்னோரை ஒருங்கே சுட்டுதற்கு அந்நூல்கள் இதனை ஆண்டன. இப்பெயர் எங்ஙனம் பிறந்தது, எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கி. மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், தியூத்தோனர் என்னும் குலத்தார் சிம்பிரியர் என்பாரோடு வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். கி. மு. 105இல் இவர்களிடம் உரோமர் படை பெருந்தோல்வி எய்தியது. கி. மு. 102இல் மாரியசு என்னும் உரோமத் தளபதி தியூத்தோனரை முறியடித்தான். அத்துடன் அக்குலத்தின் ஆற்றல் ஒடுங்கிற்று. அவர் பேசியது ஜேர்மானிய மொழியோ கெல்ற்றிய மொழியோ என்பதே அறிஞரிடை இன்றும் வாதத்திற்குரியது.

அங்ஙனமாயின், வீழ்ந்த குலமொன்றின் பெயர் பல நாட்டார்க்கும் பொதுவானது எவ்வாறு? பண்டை ஜேர்மானிய மொழியில் ‘மக்கள்’ எனப் பொருள்படும் சொல்லொன்று இருந்தது. அதிலிருந்து, இலத்தீனல்லாத மக்கள் பேச்சைக் குறிக்கும் ‘தியோதிசுக்கசு’ என்னும் சொல் தோன்றியது. 786ஆம் ஆண்டின் இலத்தீன் ஆவணமொன்றில் அதனைக் காண்கின்றோம். ஜேர்மானியர் தம் மொழியைக் குறிக்கும் ‘டொய்ச்’ என்பதும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரை ஆங்கிலேயர் சுட்டும் ‘டச்சு’ என்பதும் அவ்வேரினின்றே கிளைத்தவை. பின்னர் இலத்தீனில் எழுதிய குருமார், ஒலியொப்புமை கருதிப் பழைய குலப்பெயரை அதற்கு ஈடாக வழங்கலாயினர். இவ்வாறு ஒலி மயக்கமே பெயருக்குப் புதுவாழ்வு அளித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழிநூலார் இதனை ஒரு மொழிக்குடும்பத்திற்கு வழங்கினர். அதனாற் கேடில்லை. ஆயின், மொழிக்கு இட்ட பெயரைக் குருதிக்கும் உரியதாக்கினார் சிலர். 1899இல் வெளிவந்த தம் நூலில் ஹூஸ்ற்றன் சேம்பர்லின் என்பார், ஐரோப்பிய நாகரிகத்தின் உயர்வனைத்தையும் இவ்வினத்தார்க்கே உரியதாக்கினார். அவர் கொள்கையைப் போற்றிய நாற்சிகளின் ஆட்சியில், 1933 முதல் 1945 வரை விளைந்த கொடுமைகளை உலகறியும்.

இற்றைநாள் மொழிநூலார் ‘ஜேர்மானியக் குடும்பம்’ என்றே வழங்குவர். ஆங்கிலம் அக்குடும்பத்தது. நம்முள்ளும் ஆங்கிலம் வல்லார் பலர்; அதனால் நாம் தியூத்தோனியராயினோமல்லோம்! கால்டுவெல் 1856இல் மொழிக்குடும்பமொன்றிற்குப் பெயராக நிறுவிய ‘திராவிடம்’ என்னும் சொல்லையும், ‘ஆரியம்’ என்பதையும் ஆளுங்கால், மொழியைச் சுட்டுகின்றோமோ குருதியைச் சுட்டுகின்றோமோ என மாணவர் தெளிந்து எழுதுதல் வேண்டுமென்பதே எமது விருப்பம்.