உங்கள் வீட்டு மின்மானியும் மின்குமிழ்களும்

முகாமில் இருந்த காலத்தில் மின்குமிழ் எரிந்தாலும் அதற்கான பட்டியல் உங்கள் பெயருக்கு வந்திருக்காது. மீளக்குடியமர்ந்து, சொந்த வீட்டுக்கு மின் இணைப்புப் பெற்ற பின்னர் நிலைமை வேறு. சுவரில் பொருத்தப்பட்ட மானி ஒவ்வொரு மணித்தியாலத்தையும் கணக்கு வைக்கிறது. பட்டியலைக் கட்டாமல் விட்டால் நிலுவை சேரும். நிலுவை சேர்ந்தால் இணைப்புத் துண்டிக்கப்படலாம். மீள இணைப்பதற்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். வீடு கட்டவும் தொழில் தொடங்கவும் ஒவ்வொரு ரூபாவும் தேவைப்படும் இந்த நேரத்தில், மின்சாரம் எங்கே செலவாகிறது என்பதை அறிந்திருப்பது அவசியம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பெருக்கவும் கழிக்கவும் தெரிந்தால் போதும்.

ஓர் அலகு என்றால் என்ன?

மின்குமிழின் மீதும் மின்சாதனங்களின் பின்புறத்திலும் ‘வாற்று’ என்ற அளவு குறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சாதனம் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை எடுக்கிறது என்பதை அது காட்டுகிறது. 1000 வாற்றுச் சாதனம் ஒன்று 1 மணித்தியாலம் வேலை செய்தால் செலவாவது 1 அலகு. இதையே யூனிற் என்றும் சொல்கிறோம்.

கணக்கு இதுதான்: வாற்று அளவை மணித்தியாலங்களால் பெருக்குங்கள். வரும் விடையை 1000 ஆல் வகுங்கள். 60 வாற்றுக் குமிழ் ஒன்று 10 மணித்தியாலம் எரிந்தால் 600. அதை 1000 ஆல் வகுத்தால் 0.6 அலகு. அதே குமிழ் 30 நாட்களும் அவ்வாறு எரிந்தால் 18 அலகுகள்.

மூன்று வகைக் குமிழ்கள்

பழைய இழைக் குமிழில் மெல்லிய கம்பி சூடாகிச் சிவந்து ஒளி தருகிறது. அது எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாக மாறுவதில்லை. மீதி எல்லாம் வெப்பமாகப் போய்விடுகிறது. எரிந்துகொண்டிருக்கும் குமிழைத் தொட்டால் கை சுடுவது இதனால்தான். கடையில் விலை குறைவு என்றாலும் ஏறக்குறைய 1000 மணித்தியாலம்தான் உழைக்கும்.

சீ.எப்.எல். எனப்படும் சேமிப்புக் குமிழ் 15 வாற்றில், 60 வாற்று இழைக் குமிழின் அளவு ஒளியைத் தரும். எல்.ஈ.டி. குமிழ் அதே ஒளியை ஏறக்குறைய 9 வாற்றில் தரும். இவை இரண்டும் இழைக் குமிழைவிடப் பல மடங்கு காலம் உழைப்பவை.

குமிழ் வாங்கும்போது வாற்று அளவை மட்டும் பார்க்காமல் பெட்டியில் உள்ள ‘லூமன்’ அளவையும் பாருங்கள். ஒளியின் அளவு அதுதான். 60 வாற்று இழைக் குமிழுக்கு ஈடாக 700 முதல் 800 லூமன் வரை தேவை. உத்தரவாதம் உள்ள குமிழை வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரு வீட்டின் கணக்கு

ஒரு சிறிய வீட்டை உதாரணமாக எடுப்போம். அங்கே ஐந்து இழைக் குமிழ்கள், ஒவ்வொன்றும் 60 வாற்று.

விறாந்தை: இரவு முழுவதும், 10 மணித்தியாலம்
மண்டபம்: 5 மணித்தியாலம்
குசினி: 4 மணித்தியாலம்
படுக்கை அறை: 2 மணித்தியாலம்
கிணற்றடி: 1 மணித்தியாலம்

மொத்தம் நாளொன்றுக்கு 22 மணித்தியாலம். 60 ஆல் பெருக்கினால் 1320, அதாவது 1.32 அலகு. 30 நாட்களுக்கு 39.6 அலகுகள்.

இந்த வீட்டில் 60 வாற்றுத் தொலைக்காட்சி தினமும் 4 மணித்தியாலம் ஓடுகிறது: மாதம் 7.2 அலகு. 60 வாற்று மின்விசிறி தினமும் 6 மணித்தியாலம்: 10.8 அலகு. 1000 வாற்று மின்னழுத்தி கிழமைக்கு 1 மணித்தியாலம்: மாதம் ஏறக்குறைய 4 அலகு. இவை மூன்றும் சேர்ந்து 22 அலகுகள். குமிழ்களையும் சேர்த்தால் 61.6 அலகுகள்.

ஐந்து குமிழ்களையும் 15 வாற்றுச் சேமிப்புக் குமிழ்களாக மாற்றினால் வெளிச்சத்துக்குச் செலவாவது 9.9 அலகு, மொத்தம் 31.9. எல்.ஈ.டி. குமிழ்களாக மாற்றினால் ஏறக்குறைய 6 அலகு, மொத்தம் 28. வேறு எந்தப் பழக்கத்தையும் மாற்றாமலே பாவனை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

60 அலகு என்ற எல்லை

வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக உயர்கிறது. முதல் 30 அலகுகளுக்கு ஒரு வீதம். 31 முதல் 60 வரை அதைவிடக் கூடிய வீதம். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்கும் கூடிய வீதம் அறவிடப்படும். நிலையான மாதக் கட்டணமும் உயரும். மேலே சொன்ன வீடு 61.6 அலகில் நிற்பதால், ஒன்றரை அலகுக்காக முழுப் பட்டியலுக்கும் கூடுதலாகக் கட்டுகிறது. வீதங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால், நடைமுறையில் உள்ள வீதத்தை உங்கள் பிரதேச மின்சார சபை அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

மானியை நீங்களே வாசியுங்கள்

மாதந்தோறும் ஒரே திகதியில் மானியில் உள்ள இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். இந்த மாத இலக்கத்திலிருந்து சென்ற மாத இலக்கத்தைக் கழித்தால் உங்கள் பாவனை கிடைக்கும். பட்டியலில் உள்ள முன்னைய வாசிப்பையும் தற்போதைய வாசிப்பையும் உங்கள் கொப்பியுடன் ஒப்பிடுங்கள். பட்டியல் எத்தனை நாட்களுக்கு உரியது என்பதையும் கவனியுங்கள். வித்தியாசம் இருந்தால் கொப்பியுடன் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அல்லது 1987 என்ற மின்சார சபையின் இலக்கத்துக்கு அழையுங்கள்.

மாதம் ஒருமுறை, பிரதான ஆளியை மூடாமல், எல்லாக் குமிழ்களையும் சாதனங்களையும் நிறுத்திவிட்டு மானியைப் பாருங்கள். சக்கரம் அல்லது இலக்கம் தொடர்ந்து நகர்ந்தால் எங்கோ மின்கசிவு இருக்கலாம். நீண்ட காலம் கைவிடப்பட்டிருந்த வீடுகளில் பழைய வயர்களை எலி கடித்திருக்கலாம், மழைநீர் இறங்கியிருக்கலாம். நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். தகுதி பெற்ற மின்னிணைப்பாளரை அழையுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால் உங்கள் பாதுகாப்பு வேலை செய்யவில்லை என்று பொருள்.

மின்கம்பியில் கொக்கி போட்டு மின் எடுப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

சில நடைமுறைக் குறிப்புகள்

• எல்லாக் குமிழ்களையும் ஒரே நாளில் மாற்ற வசதியில்லையா? அதிக நேரம் எரியும் குமிழை முதலில் மாற்றுங்கள். உதாரண வீட்டில் அது விறாந்தைக் குமிழ்; அதை மட்டும் 9 வாற்றாக மாற்றினாலே மாதம் 15 அலகுகள் குறைந்து, 60இன் எல்லைக்குக் கீழே வந்துவிடலாம்.
• வெப்பம் தரும் சாதனங்களே அதிகம் இழுப்பவை. கிழமைக்குரிய உடுப்புகளை ஒரே தடவையில் அழுத்துங்கள். தேநீருக்குத் தேவையான அளவு தண்ணீரை மட்டும் கேத்திலில் கொதிக்க வையுங்கள்.
• சேமிப்புக் குமிழுக்குள் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, யன்னல்களைத் திறந்து விடுங்கள். துண்டுகளைக் கையால் தொடாமல் தடித்த மட்டையால் அள்ளி, போத்தலில் போட்டு மூடுங்கள்; எரிக்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று. சிக்கனம் என்ற பெயரில் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு மேலுள்ள குமிழை அணைக்க வேண்டாம். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் ஒன்று தினமும் 4 மணித்தியாலம், மாதம் முழுவதும் எரிந்தாலும் செலவாவது ஏறக்குறைய 1 அலகுதான். மின்னழுத்தி ஒரு மணித்தியாலத்தில் எடுப்பதும் அதே அளவே. இடம்பெயர்ந்த காலத்தில் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு இந்த ஓர் அலகைத் தாராளமாகக் கொடுங்கள். சேமிப்பை விறாந்தைக் குமிழிலிருந்து தொடங்குங்கள்.