நிழற்படமும் உழைப்பும்

நுழையும்முன்

நிழற்படம் ஒரு கணத்தை நிலைநிறுத்தும் கலை. அக்கணம் இயல்பாக நிகழ்ந்ததா, நிகழ்த்தப்பட்டதா என்பதைப் படம் தானே சொல்வதில்லை. புகழ்பெற்ற உழைப்பாளர் படமொன்றை மீண்டும் உருவாக்கும்போது எவை கைகூடும், எவை கைகூடா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உத்திரத்தின்மேல் பதினொருவர்

1932ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள். நியூயார்க்கில் ராக்பெல்லர் மையக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. 69ஆவது தளத்தின் உயரத்தில், எஃகு உத்திரம் ஒன்றின்மேல் பதினொரு தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். கால்கள் அந்தரத்தில் தொங்க, மதிய உணவோடு அமர்ந்திருந்த அவர்களின் இடுப்பில் கயிறில்லை, தலையில் கவசமில்லை. அக்டோபர் 2ஆம் நாள் நாளிதழில் வெளியான அப்படம் உலகப்புகழ் பெற்றது.

கட்டடத்தின் விளம்பரத்திற்காகத் திட்டமிட்டு எடுக்கப்பட்ட படம் அது. ஆயினும், அமர்ந்திருந்தோர் நடிகர் அல்லர். அவ்வுயரத்தில் எஃகைப் பிணைத்த உண்மைத் தொழிலாளர்கள். பொருளாதாரப் பெருமந்தத்தால் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்திருந்த அக்காலத்தில், ஆபத்தான வேலையும் மறுக்கத்தக்கதாக இல்லை. படத்திலுள்ள பெரும்பாலோரின் பெயர்கள் இன்றுவரை உறுதியாக அறியப்படவில்லை.

மீட்டுருவாக்கம்

இன்று அதே கட்டடத்தின் உச்சியில் பார்வையாளர்களுக்கென ஓர் உத்திரம் அமைக்கப்பட்டுள்ளது. பாதுகாப்பு வாருடன் அமர்வோரை அது மேலே உயர்த்த, பழைய படத்தைப் போலவே புதிய படம் எடுக்கப்படுகிறது. அமரும் வரிசையும் தொங்கும் கால்களும் பின்னணி வானமும் கைகூடுகின்றன. நாள்தோறும் ஆபத்தை எதிர்கொண்டு கூலி பெறும் நிலை கைகூடுவதில்லை.

உப்பளக் காட்சி

இவ்வேறுபாட்டை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சாத்தான்குளத்திலிருந்து கடற்கரைச் சாலையை அடைந்து தூத்துக்குடி நோக்கிச் செல்வோர் உப்பு அம்பாரங்களைக் காண்பர். பாத்தியில் உப்பு வாரும் தொழிலாளியைப் போல அங்கு நின்று எவரும் படமெடுத்துக்கொள்ளலாம். ஆனால், வெண்பரப்பில் எதிரொளிக்கும் வெயில் கண்ணை வருத்துவதும், உப்புநீர் பாதங்களைப் புண்ணாக்குவதும் ஒரு நொடிப் படத்தில் பதிவதில்லை. மழைக்காலத்தில் உற்பத்தி நிற்க, வருவாய் குறைவதும் அதில் தெரிவதில்லை.

படத்தில் தெரியாதவை வரலாற்றில் தெரிகின்றன. 1908ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோரின் ஊக்கத்தால் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரி வென்றனர். அமர்ந்து உண்ணும் சிறுபொழுதும் தொழிலாளரின் உரிமையே. ஆகவே, உழைப்பாளர் படத்தைக் காண்போர் அதன் அழகை வியப்பதோடு, அவர் யார், எத்தனை மணிநேரம் உழைத்தார், என்ன பெற்றார் என்றும் வினவுதல் வேண்டும்.